ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு

வருமான வரி என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் வீட்டில் இரண்டு கட்சி. "நோட்டீஸ் வந்தால் கேட்டதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இரு" என்பது ஒன்று. "என் உழைப்புக்கு வரி போட இவர்கள் யார்?" என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது கட்சியை அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும். வருமான வரிச் சட்டமே செல்லாது என்று அங்கே ஒரு கூட்டம் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறது. ஜான் சீக் என்ற விமானி அதை நம்பி ரிட்டர்ன் தாக்கல் செய்வதையே நிறுத்திவிட்டார். சட்டத்தை உண்மையாகவே தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அதை ஜூரி கவனிக்கலாம், ஆனால் 'சட்டமே செல்லாது என்று நினைத்தேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று 1991-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதில் நடந்து பார்த்த ஒருவர், நான் வேலை பார்க்கும் திருவனந்தபுரத்துக்கு வடக்கே இருக்கும் கொல்லத்துக்காரர்.

கதை இரண்டாம் உலகப் போரில் ஆரம்பிக்கிறது. போர்க்காலத்தில் பெரும் லாபம் பார்த்துவிட்டுக் கணக்கில் காட்டாதவர்களைப் பிடிக்க, 1947-ல் டில்லியில் ஒரு சட்டம் போட்டு வருமான வரி விசாரணைக் கமிஷனை அமைத்தார்கள். தலைவர் நம்ம ஊர் நீதிபதி எஸ். வரதாச்சாரியார். பெரிய அளவில் ஏய்ப்பு என்று அரசு சந்தேகப்படும் கேஸ்கள் கமிஷனுக்குப் போகும். கமிஷன் கண்டறிந்த விவரமே இறுதி. மற்றவர்களுக்கு இருக்கும் அப்பீல் வசதி இவர்களுக்குக் கிடையாது.

திருவிதாங்கூர் சமஸ்தானமும் கொல்லம் ஆண்டு 1124-ல் இதே மாதிரி ஒரு சட்டம் இயற்றியது. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1950 ஏப்ரலில் வருமான வரி மத்திய அரசின் கைக்குப் போனது. பாக்கிக் கேஸ்களும் டில்லிக் கமிஷனுக்குப் போயின.

அதில் ஒன்று, முந்திரி வியாபாரத்தில் பெரும் பெயரெடுத்த கொல்லம் தங்ஙள் குஞ்ஞு முசலியாருடையது. அவர் விசாரணை அதிகாரி வெங்கடாசலம் போற்றியை எதிர்த்து நீதிமன்றம் போனார். சென்னையில் முத்தையா என்பவரும் கமிஷன் சட்டத்தை எதிர்த்துப் போனார். எம்.சி.டி. என்ற முன்னெழுத்தைப் பார்த்ததுமே எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு ஆள் புரிந்துவிடும். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியாரின் குடும்பம்.

இருவர் கேட்டதும் ஒரே கேள்விதான். வரி போடாதே என்று அவர்கள் கேட்கவில்லை. "மற்றவர்களுக்கு ஒரு முறை, எனக்கு மட்டும் கடுமையான இன்னொரு முறையா? அரசியல் சட்டம் 14-வது பிரிவில் சொல்லும் சமத்துவம் எங்கே?" என்றார்கள்.

1955 டிசம்பர் 20. உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்கிலும் அன்றே தீர்ப்புச் சொன்னது. முத்தையா ஜெயித்தார். முசலியார் தோற்றார்!

ஏன் இப்படி? வங்கிக் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரே மாதிரி கடன் பாக்கி வைத்த இரண்டு பேரில் ஒருவருக்கு வழக்கமான நோட்டீஸ், இன்னொருவருக்கு நேரே ஜப்தி என்றால் அது அநியாயம். இந்திய வருமான வரிச் சட்டத்தின் 34-வது பிரிவை 1948-ல் விரிவாக்கியிருந்தார்கள். கமிஷன் பிடிக்கும் அதே ஆட்களை அந்தச் சாதாரணப் பிரிவிலும் பிடிக்கலாம். ஒரே வகை ஆட்களுக்கு இரண்டு பாதை, ஆகவே செல்லாது. திருவிதாங்கூர் சட்டத்தின் 47-வது பிரிவு அப்படி விரிவாகவில்லை. அங்கே பெரிய ஏய்ப்பாளர்கள் தனி வகை, அவர்களுக்குத் தனி வழி, ஆகவே செல்லும்.

ஆனால் முசலியார் வழக்கு வீணாகவில்லை. கமிஷன் டில்லியில் இருந்தாலும், இங்கே உட்கார்ந்து விசாரிக்கும் அதிகாரிக்கு இந்த ஊர் உயர் நீதிமன்றமே உத்தரவிடலாம் என்று அதில்தான் உறுதியானது. டில்லி வரை போக வசதியில்லாதவர்களுக்கு இது சின்ன விஷயமா? முசலியாரும் முடங்கிவிடவில்லை. இரண்டு மாதத்துக்குள், 1956 பிப்ரவரியில், அவருடைய டி.கே.எம். பொறியியல் கல்லூரிக்கு ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார்.

முத்தையா தீர்ப்பின் பலன் இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்தது. பஷேஷர் நாத் என்பவர் கமிஷனோடு சமரசம் செய்து, கையெழுத்தும் போட்டு, தவணையில் பணம் கட்டிக்கொண்டிருந்தார். "நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்களே" என்றது அரசுத் தரப்பு. 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 14-வது பிரிவு தரும் உரிமையை ஒருவர் தானாகவே விட்டுக்கொடுத்தாலும் அது போகாது என்றது.

கவனியுங்கள், ஜெயித்தவர்களுக்கும் வரியே இல்லை என்று ஆகிவிடவில்லை. அந்தத் தனி முறைதான் போனது. வரியே கூடாது என்று நின்ற சீக்குக்குக் கிடைக்காதது, முறை சரியா என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

ஆகவே ஊரில் அப்பா பேருக்கோ உங்கள் பேருக்கோ நோட்டீஸ் வந்தால் பயந்து உடனே கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த வருஷம், பதில் சொல்ல எத்தனை நாள், அப்பீல் எங்கே என்று பாருங்கள். கட்ட வேண்டியதைக் கட்டுங்கள். கேட்க வேண்டியதைக் கெடு முடிவதற்குள் கேளுங்கள்.