எந்த ஆண்டின் நிறம்? – கொக்குவிலில் ஒரு ஏ-40

கொக்குவிலில் பெரியப்பாவின் வளவுக்குள் ஒரு ஒஸ்ரின் ஏ-40 பிக்கப் நிற்கிறது. எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. தகர வேலையும் முக்கால்வாசி முடிந்தது. மிச்சம் ஒரு கேள்விதான்: என்ன நிறம் அடிக்கிறது?

கனடாவில் இருக்கிற அண்ணா மெற்றாலிக் சிவப்பு அடிக்கச் சொல்கிறார். "பளபளப்பா இருந்தாத்தான் கலியாணத்துக்கு வாடகைக்கு விடலாம். செலவழிச்ச காசு திரும்பி வர வேணாமே?" நான் தொழிற்சாலை நிறம்தான் சரி என்று நின்றேன். பழைய வாகனம் என்றால் பிறந்தபடி இருக்கவேண்டும் என்பது என் கட்சி. பெரியப்பா இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னார்: "உது நீல வாகனம்."

பிறந்த நிறம் எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. எமரி பேப்பரை ஈரமாக்கி, கதவின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் ஆழமாக, ஓரத்துக்கு வரவர மேலோட்டமாக. மரத்தின் வளையங்கள் மாதிரி நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். (காயத் தேய்க்காதீங்கோ. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், தூசு நெஞ்சுக்குள் போகும்.) எங்கள் கதவில் வெளியே நீலம். அதற்குள் கிறீம். அதற்குள் சாம்பல் கலந்த பச்சை. பிறகு பிறைமர், தகடு. வெயில் படாத டாஷ்போட்டின் அடியிலும் அதே பச்சைதான் இருந்தது. எனக்குச் சந்தோசம், வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு வளையமும் எப்ப வந்தது என்று கேட்கத் தொடங்கியதும் கதை மாறிவிட்டது.

பச்சை இங்கிலாந்தில் அடித்தது. ஏ-40 வகை 1947இல் பேர்மிங்ஹாமில் உள்ள லோங்பிரிஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. போரால் கடன்பட்டிருந்த பிரிட்டன் அப்போது ஏற்றுமதியால்தான் பிழைக்க வேண்டியிருந்தது. அதிகம் ஏற்றுமதி செய்கிற கம்பனிக்குத்தான் உருக்கு தாராளமாகக் கிடைக்கும். அதனால் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் கப்பல் கப்பலாக இலங்கை போன்ற நாடுகளுக்கு வந்தன. எங்கள் தெருக்களில் அவை நிறைந்ததற்கு எங்கள் விருப்பம் மட்டும் காரணமில்லை.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து வாகன இறக்குமதி சுருங்கியது. புதுசு வராவிட்டால் பழசைத்தானே பார்க்க வேண்டும்? கறள் பிடித்த இடத்தை வெட்டி, தகடு ஒட்டி, மேலே கிறீம் நிறத்தை அடித்தது அந்தக் காலத்தில். 1970களில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போக இந்த மாதிரிச் சின்ன வாகனங்கள் தேவைப்பட்டன. கிறீம் நிறம் அந்த ஓட்டத்தின் நிறம்.

இந்த இடத்தில் வாகனத்தின் இன்னொரு பெயின்ற் வேலையையும் சொல்ல வேண்டும்: இலக்கத் தகடு. எங்கள் பிக்கப்பில் கறுப்புத் தகட்டில் வெள்ளையாக 'ஈ.என்.' என்ற ஆங்கில எழுத்துகள். 1958 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவான வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியது. வடக்கு கிழக்கில் தொண்டர்கள் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதம் கலவரம். ஒரு எழுத்தின் மேல் பட்ட தூரிகை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். எங்கள் தகடு அதற்கு முந்திய தகடு. அதை மட்டும் யாரும் தொடக்கூடாது என்பதில் வீட்டில் மூன்று பேரும் ஒரே கட்சி.

இனி நீலம். 1990இல் போர் மறுபடி தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது, ஏ-9 வீதி மூடியது. குடாநாட்டுக்குள் பெற்றோல் இல்லை. 1977க்குப் பிறகு வந்த புது யப்பான் வாகனங்கள் பல படுத்துவிட்டன. தாத்தா காலத்து ஒஸ்ரின்கள் எழும்பி ஓடின. காரணம் எளிது: அவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு, காபரேற்றரும் சிக்கலில்லாதது. கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். "மணம் உடுப்பிலை இருந்து ஒரு கிழமைக்குப் போகாது," என்பார் பெரியப்பா.

நீலம் அந்தக் காலத்தில் அடித்தது. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற இனாமல், வீட்டுக் கதவுக்கு அடிக்கிற தூரிகை. குனிந்து பார்த்தால் தூரிகை இழுத்த கோடுகள் இன்னும் தெரியும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது இந்த நீல பிக்கப் அந்தச் சனத்துக்குள் ஊர்ந்து போனது. பின்பெட்டியில் அப்பாச்சியும், அயலில் இருந்த இரண்டு கிழவிகளும், ஒரு தையல் மெசினும். அடுத்த ஆண்டு திரும்பி வந்ததும் அதே நீலத்தோடுதான்.

பின்கதவில் நாலு சின்ன ஓட்டைகளும் இருக்கின்றன. 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையோடு நடந்த சண்டையில், கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேலேயே எறிகணை விழுந்த அந்த மாதத்தில், வந்த ஓட்டைகள். பட்டி போட்டு அடைத்துத் தேய்த்தால் ஒரு பின்னேரத்தில் காணாமல் போய்விடும். தொழிற்சாலைப் பச்சையைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டுமென்றால் அதைத்தான் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு இந்த வாகனம் லோங்பிரிஜிலிருந்து நேரே இன்றைக்கு வந்து இறங்கிய மாதிரி இருக்கும். நடுவில் இங்கே ஒன்றும் நடக்காத மாதிரி.

என் கட்சி உடைந்தது அங்கேதான். பழைய வாகனத்தை 'மீட்பது' என்றால் ஏதோ ஒரு திகதியைத் தெரிந்தெடுப்பது. பிறந்த திகதிதான் உண்மையானது என்று யார் சொன்னது? தொழிற்சாலையில் இது இருந்தது சில நாட்கள். எங்களோடு இருந்தது அரை நூற்றாண்டுக்கு மேல். 2002இல் பாதை திறந்த பிறகு தெற்கிலிருந்து சேகரிப்பாளர்கள் வந்து யாழ்ப்பாணத்துப் பழைய கார்களை வாங்கிப் போனார்கள். அவற்றில் பல இன்று புதுப் பளபளப்போடு கண்காட்சியில் நிற்கலாம். அழகுதான். ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிய கார் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அண்ணாவின் கேள்வியும் பிழையில்லை. காசு வேணும், வாகனம் நின்று பிடிக்கவும் வேணும். இந்தக் காலத்து இரண்டு கலவைப் பெயின்ற் கல்லு மாதிரி இறுகும், உப்புக்காற்றையும் தாங்கும். ஆனால் அதன் இறுக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. ஸ்பிறே பண்ணும்போது சரியான சுவாசக் கருவி வேண்டும், முகத்தில் துணி கட்டினால் போதாது. வளவுக்குள், கிணற்றடிக்குப் பக்கத்தில் அடிக்கிற வேலையில்லை அது. தூரிகையால் அடிக்கிற இனாமல் மெதுவாகக் காயும், மங்கும், சில வருசத்தில் மறுபடி அடிக்க வேண்டிவரும். ஆனால் பெரியப்பாவின் கையாலேயே அடிக்கலாம்.

கடைசியில் முடிவு இப்படி வந்தது. வெளியே நீலம், இனாமல், தூரிகை. அடியிலும் சில்லுக்கூட்டுக்குள்ளும் கறளைத் தடுக்கிற நல்ல இப்பொக்சி பிறைமர், அதையும் தூரிகையால்தான். தேய்த்த தகட்டை மழைத்தண்ணியால் கழுவுகிறோம். எங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். அது பெயின்றுக்கு அடியில் தங்கினால் பிறகு கொப்புளம் வரும். நாலு ஓட்டைகளையும் அடைக்கவில்லை. ஓரங்களைச் சுரண்டிப் பிறைமர் அடித்து, உட்பக்கத்தில் ஒரு தகடு வைத்துத் தண்ணி போகாமல் பார்த்திருக்கிறோம். கதவின் உட்பக்கத்தில் நான் தேய்த்த வட்டத்துக்கு மேல் தெளிந்த லாக்கர். வாகனப் புத்தகத்தில் நிறம் எழுதுகிற இடத்தில் இப்பவும் நீலம்தான் இருக்கிறது, அதனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலையத் தேவையில்லை. இதைச் சொன்னதும் அண்ணா சிரித்துவிட்டார்.

கலியாணத்துக்கும் விடத்தான் போகிறோம். மாப்பிள்ளை வீட்டார் யாராவது பின்கதவு ஓட்டை என்னவென்று கேட்டால் பெரியப்பா சொல்லுவார். அவருக்குப் பிறகு சொல்ல நான் இப்பவே பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு வளவிலும் இப்படி ஏதாவது நிற்கும். லொறியோ, சைக்கிளோ, தண்ணி இறைக்கிற மெசினோ. பெயின்ற் வாளியைத் திறக்க முந்தி ஒரு மூலையில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கோ. பிறகு வீட்டில் வயது போன ஒருவரைக் கூப்பிட்டு, எந்த நிறம் எப்ப அடித்தது என்று கேளுங்கோ.