நிமிடத்துக்கு விலை வந்த வரலாறு

முதல் 15 நொடிக்குள் ஆளைப் பிடித்துவிடு. சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே கொட்டிவிடாதே. தொய்வு வரும் இடத்தில் ஒரு கேள்வியைப் போடு. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்த வீடியோவுக்கு ஆளை நகர்த்திவிடு. யூடியூபில் சேனல் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைக்கும் உபதேசம் இதுதான். கதை சொல்லும் கலை தோன்றிய நாள் முதலே இருந்துவரும் விதிகளைப் போல இவை சொல்லப்படுகின்றன. உண்மையில் இவை இன்றைய கட்டாயமாக இறுகியது 2011, 2012 ஆண்டுகளில்தான். தன் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்பதை கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் மாற்றிக்கொண்டது. அந்தப் புதிய அளவுகோலுக்கு ஏற்ப உலகம் முழுவதும் படைப்பவர்கள் வளைந்துகொடுத்தார்கள். பார்வையாளரை நீண்ட நேரம் உட்காரவைக்கும் உத்திகளை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் தகுதியும் குறையும் தெரியும். கடந்துபோன நிமிடங்களை அளந்தவர்கள் அந்த நிமிடங்களின் மதிப்பையும் அளந்துவிட்டதாக நம்பினார்கள். பிழை தொடங்கிய இடம் அது.

தொடக்க காலத்தில் நேரம் யாருக்கும் பெரிய கவலையாக இல்லை. பேபால் நிறுவனத்தில் வேலை பார்த்த மூவர் 2005-இல் தொடங்கிய தளம் யூடியூப். 2005 ஏப்ரல் 23 அன்று அதில் ஏறிய முதல் வீடியோவின் நீளம் 19 நொடி. 2006 மார்ச்சில் 10 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களுக்குத் தளமே தடை போட்டது. நீளமாக ஏற்றப்பட்டவற்றில் தொலைக்காட்சியிலிருந்தும் சினிமாவிலிருந்தும் திருடியவை மிகுதி என்பதே காரணம். அதே ஆண்டு அக்டோபரில் 165 கோடி டாலர் மதிப்புக்குத் தளத்தை வாங்குவதாக கூகுள் அறிவித்தது. அதற்குப் பிறகும் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதே மதிப்பீடாக நீடித்தது. பக்கத்தில் வரும் பரிந்துரைப் பட்டியலும் அந்த எண்ணிக்கையையே பெரிதும் நம்பியது. சொடுக்கியவர் ஐந்தாவது நொடியில் ஏமாந்து வெளியேறினாரா, கடைசிவரை இருந்தாரா என்பது அதன் கண்ணில் படவில்லை. விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். உள்ளே இல்லாததை தம்ப்நெயிலில் காட்டும் பழக்கம் பெருகியது. 2011 வாக்கில், பிரபலமான வீடியோக்களுக்குப் பதில் வீடியோ என்ற பெயரில், கவர்ச்சியான முகப்புப் படத்தை மட்டும் வைத்துப் பரிந்துரைப் பட்டியலில் இடம் பிடிக்கும் சேனல்கள் கிளம்பின. உள்ளே அநேகமாக ஒன்றும் இருக்காது. பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். சொடுக்கை வைத்துத் தரத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

இந்த இடத்தில்தான் கிறிஸ்டோஸ் குட்ரோ என்ற யூடியூப் பொறியாளர் வருகிறார். கூகுளின் தேடல் பிரிவினரோடு தனக்கு நேர்ந்த ஒரு வாதத்தை, முதலீட்டாளர் ஜான் டோர் 2018-இல் வெளியிட்ட நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். போ டை கட்டுவது எப்படி என்று ஒருவர் யூடியூபில் தேடுகிறார். இரண்டு வீடியோக்கள் இருக்கின்றன. ஒன்று ஒரே நிமிடத்தில் தெளிவாகச் சொல்லிக்கொடுத்துவிடும். இன்னொன்று 10 நிமிடம், சிரிக்கச் சிரிக்கப் போகும். ஆனால் முடியும்போது பார்த்தவருக்கு டை கட்டத் தெரிந்திருக்கும் என்பது நிச்சயமில்லை. எதை முதலில் காட்டுவது? தேடல் பிரிவினர் தயங்காமல் முதலாவதைச் சொன்னார்கள். வந்தவரின் தேவையை விரைவில் முடித்து அனுப்பிவைப்பதுதான் தேடல் இயந்திரத்தின் தர்மம் என்று அவர்கள் பழகியிருந்தார்கள். குட்ரோ இரண்டாவதைத் தேர்ந்தார். ஒருவர் 10 நிமிடம் தங்குகிறார் என்றால் அவருக்கு அது பிடித்திருக்கிறது, அந்தத் தங்கலே அவர் போடும் ஓட்டு என்பது அவர் கட்சி. 2011 செப்டம்பரில் மேலதிகாரிகளுக்கு எழுதிய மின்னஞ்சலில், வாட்ச் டைம் என்ற ஒன்றையே குறியாகக் கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 2012 மார்ச்சில் பரிந்துரைகளும் அக்டோபரில் தேடல் முடிவுகளும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. பரிந்துரையில் நேரக் கணக்கைச் சேர்த்த உடனே வியூஸ் 20 சதவீதம் விழுந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். விளம்பரத்தை நம்பி வாழும் நிறுவனம் அப்படி ஒரு சரிவைத் தெரிந்தே ஏற்றது துணிச்சல்தான். அதே 2012-இல், நாளொன்றுக்குப் பார்க்கப்படும் நேரத்தை நான்கே ஆண்டில் 10 மடங்காக்கி 100 கோடி மணி நேரத்துக்குக் கொண்டுபோவது என்று இலக்கு வைத்தார்கள். 2016 அக்டோபரில் அதை எட்டியும் விட்டார்கள்.

போ டை வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றின் விதையும் அதில் இருக்கிறது. பொழுதுபோக்க வந்தவருக்கு குட்ரோவின் விடை பொருந்தும். வேலை முடிக்க வந்தவருக்குப் பொருந்தாது. மாலையில் கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு 10 நிமிடம் காத்திருப்பது பிடித்துப்போய் அல்ல. விடை எப்போது வரும் என்று தெரியாததால்தான். ஆர்வத்தால் தங்கியவரும் வேறு வழியின்றித் தங்கியவரும் நேரக் கணக்கில் ஒரே எண்ணாகத்தான் விழுகிறார்கள். ஆகவே ஆர்வத்தை உண்டாக்குவதும் விடையை ஒளித்துவைப்பதும் ஒரே பலனைத் தரும் இரண்டு வழிகளாயின. முதலாவது கடினம். இரண்டாவது எவருக்கும் கைவரும். மூன்று நிமிடத்தில் சொல்லக்கூடிய சுண்டல் செய்முறை, கொண்டைக்கடலையின் பெருமை, வீட்டு விசேஷம், சேனலுக்கு நன்றி என்று 11 நிமிடமாக நீண்டதற்குச் செய்பவரின் சோம்பலோ பேராசையோ மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அளவுகோல் அப்படித்தான் கேட்டது.

யார் தாழ்ந்தார்கள், யார் உயர்ந்தார்கள் என்பது இதை உறுதிப்படுத்துகிறது. வாரக்கணக்கில் உழைத்து இரண்டு மூன்று நிமிட அனிமேஷன் படம் செய்தவர்கள் 2012-க்குப் பிறகு பெரும் அடி வாங்கினார்கள். அவர்களில் பலர் தொழிலை விட்டார்கள், அல்லது வேறு வடிவத்துக்குப் போனார்கள். கணினி விளையாட்டை விளையாடியபடியே மணிக்கணக்கில் பேசும் வீடியோக்கள் மேலேறின. குறு நகைச்சுவைக் காட்சிகளுக்குப் பேர்போன ஸ்மாஷ் சேனலை முந்தி, விளையாட்டு வீடியோ செய்த பியூடிபை 2013 ஆகஸ்டில் உலகின் மிக அதிக சப்ஸ்கிரைபர்கள் கொண்ட சேனல் ஆனார். 2015-இல் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் ஆட்டோபிளே வந்தது. நடுவில் விளம்பரம் போட 10 நிமிடம் தாண்ட வேண்டும் என்ற விதியால் 10 நிமிடமும் சில நொடியும் ஓடும் வீடியோக்கள் குவிந்தன. 2020 ஜூலையில் வரம்பு எட்டு நிமிடமானதும் வீடியோக்களும் எட்டைச் சுற்றி மொய்த்தன. 2018 ஜனவரியில், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டால்தான் வருமானம் என்று அறிவித்தார்கள். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். சராசரியாக எட்டு நிமிடம் பார்க்கப்படும் சேனலுக்கு அதற்கு 30,000 பார்வைகள் போதும். இரண்டே நிமிடத்தில் ஒரு கணக்குப் பாடத்தை முடித்துவிடும் ஆசிரியருக்கு 1,20,000 வேண்டும். சுருக்கமாகச் சொல்லத் தெரிந்த திறமைக்கு நான்கு மடங்கு சுமை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நேரக் கணக்கு இல்லாவிட்டால் நீளமானவை பிழைத்தே இருக்காது என்பது அது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேர நேர்காணல், கல்வெட்டு பற்றிய உரை, முழுக் கச்சேரி எல்லாம் சொடுக்கை மட்டும் எண்ணிய காலத்தில் அடிபட்டுப் போயிருக்கும். தமிழில் இது கண்கூடு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, கிராமத்துக் கைபேசியிலும் நீண்ட வீடியோ ஓடியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனலானது. அதில் பேச்சு குறைவு. வயல்வெளி, பெரிய பாத்திரம், அம்மியில் அரைபடும் மசாலா, தாத்தாவின் குரல். பார்ப்பவர் தங்குவது வேலை நடப்பதைப் பார்க்கும் இன்பத்துக்காக. நேரக் கணக்கு இத்தகைய உழைப்புக்கும் சோறு போட்டது. ஆனால் இந்த உதாரணமே இன்னொன்றையும் காட்டுகிறது. நீளம் பொருளுக்குள்ளிருந்து வந்தால் எந்தத் தூண்டிலும் வேண்டியதில்லை. ஒரே அளவுகோல் நல்லதையும் கெட்டதையும் வேறுபாடின்றி வளர்த்தது என்பதே என் குற்றச்சாட்டு. அது கெட்டதை மட்டும் வளர்த்தது என்று நான் சொல்லவில்லை.

இன்னொரு மறுப்பு நம் மரபைச் சாட்சிக்கு அழைக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் விடியும்வரை கூட்டத்தைக் கட்டிவைக்கவில்லையா? கல்கி 1950 முதல் வாராவாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ அத்தியாய முடிவுகளில் வாசகரைத் தவிக்கவிடவில்லையா? மெகா சீரியல்கள் வெள்ளிக்கிழமையன்று கதவைத் திறந்து, வந்தது யார் என்பதைத் திங்கள்வரை மறைக்கவில்லையா? எல்லாம் உண்மைதான். ஆனால் கூத்துக் கலைஞருக்குப் பொதுவாக ஊர் முன்கூட்டியே பேசிய தொகைதான் கூலி. உட்கார்ந்திருந்த தலைகளையும் நிமிடங்களையும் பெருக்கிப் பார்த்து யாரும் கணக்குத் தீர்க்கவில்லை. வார இதழ் ஆசிரியருக்கு விற்ற பிரதிகளும் வந்த கடிதங்களும் தெரியும். எந்த வரியில் வாசகர் கண் நின்றது, எந்தப் பத்தியில் இதழை மூடினார் என்பது தெரியாது. அந்த அறியாமையே எழுத்தாளருக்குக் கிடைத்த சுதந்திரம். நதியையும் ஏரியையும் வர்ணிக்க ஒரு பக்கம் எடுத்துக்கொண்டால் அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்று எந்த வரைபடமும் அவரை மறுநாள் காலையில் மிரட்டவில்லை. இன்று ரிடென்ஷன் வரைகோடு அதை நொடிக்கு நொடி காட்டுகிறது. கோடு சரியும் இடமெல்லாம் அடுத்த வீடியோவில் வெட்டப்படுகிறது. நிதானமான ஒரு முன்னுரை, ஒரு மௌனம், ஒரு கடினமான விளக்கம் ஆகியவை அநேகமாகக் கோடு சரியும் இடங்கள்தான். உத்தி பழையது என்பது சரி. இந்த நுணுக்கமான கண்காணிப்பும், அதோடு முடிச்சுப் போடப்பட்ட கூலியும் புதியவை.

பிடிக்காவிட்டால் பார்ப்பவர் எழுந்து போகலாமே, யார் கட்டிவைத்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. யூடியூபில் செலவாகும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரையால் வருவது என்று அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி நீல் மோகன் 2018-இல் சொன்னார். அந்தப் பரிந்துரை எப்படி வேலை செய்கிறது என்பதை அங்குள்ள பொறியாளர்கள் 2016-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். கோடிக்கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் இந்த ஆள் எத்தனை நேரம் பார்ப்பார் என்று கணித்து வரிசைப்படுத்துவது. ஆக, தேர்ந்தெடுக்கும் கை பெரும்பாலும் பார்வையாளருடையதாக இல்லை. நேரம் திருப்தியைக் காட்டாது என்பதை நிறுவனமே தன் நடவடிக்கைகளால் ஒப்புக்கொண்டது. மலிவான பரபரப்பு வீடியோக்களைப் பரிந்துரையிலிருந்து குறைத்தபோது வாட்ச் டைம் முதலில் சற்று இறங்கியது, சில மாதங்களில் பழைய நிலையையும் தாண்டியது என்று டோரின் அதே நூலில் வருகிறது. 2019 ஜனவரியில், பொய்யான மருத்துவம், தட்டைப் பூமிக் கதைகள் போன்றவற்றைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக அறிவித்தார்கள். மக்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பார்த்தார்கள் என்பதே பரிந்துரைக்கப் போதுமானது என்ற பழைய வாதம் உண்மையாக இருந்திருந்தால் இந்த அறிவிப்புக்கே அவசியம் வந்திருக்காது.

2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. செப்டம்பரில் யூடியூப் தன் குறு வீடியோ வடிவமான ஷார்ட்ஸை முதலில் இங்கேதான் சோதித்தது. உடனே உபதேசம் தலைகீழானது. நீட்டு என்றவர்கள் நறுக்கு என்றார்கள். 15 நொடி என்பது முதல் நொடி என்றானது. மனிதரின் கவனம் ஒரே ஆண்டில் மாறிவிடவில்லை. அளக்கும் முறை மாறியது, அவ்வளவுதான். 2025 மார்ச் 31 முதல், ஒரு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற நிபந்தனை அந்த எண்ணுக்கு இல்லை. வருமானத்துக்கு மட்டும் பழைய கணக்கு தொடர்கிறது. ஆகவே சேனல் நடத்துகிறவர்கள் அடுத்த முறை ஒரு உத்தியைக் கேட்கும்போது, அது எந்த ஆண்டு அளவுகோலுக்காகச் செய்யப்பட்டது என்றும் கேட்டுப் பார்க்கட்டும். பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் பார்த்த வீடியோவுக்கு எத்தனை நட்சத்திரம் என்று யூடியூப் அவ்வப்போது கேட்கிறது. பதில் சொல்பவர்கள் குறைவு என்பதால், சொல்லாதவர்களின் பதிலையும் இயந்திரமே ஊகித்துக்கொள்கிறது. அந்தக் கேள்வி வரும்போது தள்ளிவிடாமல், உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.