மருந்துச் சீட்டின் லத்தீன்

கடிதம் எழுதத் தொடங்குமுன் நம்மவர் பிள்ளையார் சுழி இடுவதைப் போல, மேனாட்டு வைத்திய முறையைக் கைக்கொண்ட வைத்தியர்கள் மருந்துச் சீட்டின் தலைப்பில் 'ஆர்' என்னும் எழுத்தை எழுதி, அதன் சாய்ந்த காலை ஒரு கோட்டால் குறுக்கே வெட்டிவிட்டே மேற்கொண்டு எழுதுவது நெடுநாளைய சம்பிரதாயம். அந்தக் குறி ரோமாபுரியாரின் தேவராஜனான ஜூபிடரை வேண்டிக்கொள்ளும் அடையாளம் என்றும், எகிப்தியரின் ஹோரஸ் தெய்வத்தின் கண் என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்கு ரசமான இக்கதைகளுக்கு ஆதாரம் போதாது. லத்தீன் பாஷையில் 'ரெசிப்பே' என்றால் 'எடுத்துக்கொள்' என்று பொருள். அச்சு யந்திரம் தோன்றுமுன் கையால் நூல்களைப் பிரதி செய்த ஐரோப்பிய எழுத்தர்கள், ஒரு சொல்லின் முதலெழுத்தை மட்டும் எழுதி மற்றவற்றை விட்டுவிட்டால், விட்டதற்கு அடையாளமாக ஒரு கீறல் போடுவார்கள்; அந்தக் கீறலே இன்றளவும் 'ஆர்' எழுத்தின் காலில் நிற்கிறது. எடுத்துக்கொள் என்ற கட்டளை நோயாளிக்கு இடப்பட்டது என்று நினைப்பவர் பலர். உண்மையில் அது மருந்து கலப்பவனுக்கு இடப்பட்டது: இன்ன சரக்கில் இத்தனை எடை எடு, இன்ன திராவகத்தில் கரை, இன்ன விதமாகக் கலந்து கொடு என்பதே அதன் தாத்பரியம். நோயாளியின் கையில் கொடுத்தனுப்பப்படும் அந்தச் சீட்டு, பிறந்த நாள் முதலாகவே, நோயாளி படிப்பதற்காக எழுதப்பட்டதன்று.

பழைய முறையில் எழுதிய சீட்டுக்கு நான்கு அங்கங்கள் உண்டு. முதலாவது அந்தத் தலைக்குறி. இரண்டாவது, சரக்குகளின் பெயரும் எடையும். மூன்றாவது, கலக்கும் விதத்தைப் பற்றி மருந்து கலப்பவனுக்குச் சொல்லும் குறிப்பு. நான்காவதாக அடியில் வருவது, மருந்தை எப்போது, எத்தனை வேளை உண்ண வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லவேண்டிய செய்தி. முதல் மூன்றும் லத்தீனில் இருந்ததற்கு நியாயம் உண்டு. அவை ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளிக்கு எழுதுபவை. நோயாளிக்கென்றே ஏற்பட்ட நான்காவது அங்கமும் அவனுக்குத் தெரியாத பாஷையிலேயே, அதுவும் குறுக்கிய எழுத்துகளில் எழுதப்பட்டு வந்ததுதான் இந்த வழக்கத்தின் சரித்திரத்தில் நாம் நின்று யோசிக்கவேண்டிய இடம். 'பி.டி.' என்பது 'பிஸ் டியே', அதாவது தினம் இருமுறை. 'டி.டி.எஸ்.' என்பது 'டெர் டியே சுமெண்டும்', தினம் மூன்று முறை உட்கொள்ளத்தக்கது. 'ஏ.சி.' என்பது 'அன்டே சிபும்', உணவுக்கு முன், 'பி.சி.' என்பது 'போஸ்ட் சிபும்', உணவுக்குப் பின். 'எச்.எஸ்.' என்பது 'ஹோரா சோம்னி', படுக்கப் போகும் வேளை. 'எஸ்.ஓ.எஸ்.' என்று கண்டு கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபயக்குரலோ என்று பயப்படுவோர் உண்டு. அது 'சி ஓபுஸ் சிட்', தேவைப்பட்டால் மட்டும் என்னும் சாதாரண வாசகந்தான்.

மத்திய கால ஐரோப்பாவில் கல்வி முழுவதும் லத்தீனிலேயே நடந்தது. இத்தாலியில் படித்த வைத்தியன் எழுதிய சீட்டை லண்டனில் உள்ள மருந்துக்கடைக்காரன் பிழையின்றிக் கலந்து கொடுக்க முடிந்தது என்றால், அது அந்தப் பொதுப் பாஷையின் அனுகூலமே. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் பாஷை நாளடைவில் வேலியாகவும் ஆயிற்று. லண்டனில் வைத்தியர்களின் கல்லூரி 1518-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னனின் சாசனத்தால் ஏற்பட்டது. அப்போதிக்கரிகள் எனப்பட்ட மருந்து கலப்போர், மளிகை வியாபாரிகளின் சங்கத்திலிருந்து பிரிந்து தமக்கென ஒரு சங்கம் கண்டது 1617-இல். அதற்கு அடுத்த ஆண்டே வைத்தியர் கல்லூரி, 'பார்மகோபியா லண்டினென்சிஸ்' என்ற மருந்துக் கோவையை லத்தீனில் வெளியிட்டு, அப்போதிக்கரிகள் அனைவரும் அதில் கண்டபடியே கலக்கவேண்டும் என்று அரசாணையும் பெற்றது. எழுதுபவன் வைத்தியன், கலப்பவன் அப்போதிக்கரி, குடிப்பவன் நோயாளி என்று மூன்று படிகள் ஏற்பட்டு, மூன்றாம் படியில் நின்றவனுக்கு மேலே நடப்பது ஒன்றும் விளங்காத நிலை உறுதிப்பட்டது.

இந்த நிலையைச் சகியாத ஒருவர் இருந்தார். நிக்கலஸ் கல்பெப்பர் என்பவர் 1616-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் லத்தீன் கற்று, படிப்பை முடிக்காமல் விட்டு, லண்டனில் ஓர் அப்போதிக்கரியிடம் தொழில் பழகி, நகரத்துக்கு வெளியே ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் வைத்தியம் செய்து வந்தார். உள்நாட்டுப் போரில் பாராளுமன்றத்தின் பக்கம் நின்று காயமும் பட்டார். வயல் வரப்பில் காசில்லாமல் கிடைக்கும் பச்சிலையால் தீரும் நோய்க்கு, பெயர் புரியாத விலையுயர்ந்த கலவையை வாங்கிக் குடிக்கும்படி ஜனங்கள் செய்யப்படுகிறார்கள் என்பது அவர் மனத்தை அறுத்தது. 1641-இல் அரசனின் விசேஷ நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதோடு அச்சகங்களின் மீதிருந்த கட்டுக்காவலும் தளர்ந்திருந்தது. 1649-ஆம் ஆண்டு, சார்லஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்ட அதே ஆண்டில், கல்லூரியாரின் லத்தீன் மருந்துக் கோவையைக் கல்பெப்பர் அவர்கள் அனுமதியின்றியே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

அவர் செய்தது வெறும் மொழிபெயர்ப்பானால் கல்லூரியார் ஒருவேளை பொறுத்திருப்பார்கள். மூல நூலில் மருந்தின் பெயரும் சரக்கும் செய்முறையும் இருந்தனவே ஒழிய, இந்த மருந்து எந்த நோய்க்கு என்ற விவரம் இல்லை. அது வைத்தியனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது அவர்கள் கொள்கை. கல்பெப்பர் ஒவ்வொரு மருந்தின் கீழும் அது தீர்க்கும் நோய் இன்னது என்று எழுதிச் சேர்த்தார். பூட்டியிருந்த பெட்டகத்தின் சாவியை அவர் தெருவில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டார் என்று கல்லூரியார் கொதித்ததில் வியப்பில்லை. அரசனின் கட்சியைச் சேர்ந்த பத்திரிகையோ அவரைக் குடிகாரன் என்றும் நாஸ்திகன் என்றும் ஏசியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றுவரை பதிப்பு நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. கிரகங்களுக்கும் மூலிகைகளுக்கும் அவர் கற்பித்த சம்பந்தங்களை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். வைத்திய சாஸ்திரத்தில் அவர் பெரிய ஞானி என்று நானும் சொல்லவரவில்லை. நோயாளிக்குத் தன் மருந்தைப் பற்றி அறிய உரிமை உண்டு என்பதை, அதற்காக வசைகேட்டும் விடாமல் நிலைநாட்டிய தைரியமே அவருடைய பெருமை. 1654-இல், நாற்பது வயது நிரம்புமுன்பே அவர் காலமானார்.

அவருக்குப் பிறகும் இருநூறு ஆண்டுகள் கல்லூரியாரின் கோவை லத்தீனிலேயே புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1858-இல் இயற்றிய வைத்தியச் சட்டத்தின்படி லண்டன், எடின்பரோ, டப்ளின் என்ற மூன்று நகரங்களின் கோவைகளும் ஒன்றாக்கப்பட்டு, 1864-இல் பிரிட்டிஷ் பார்மகோபியா ஆங்கிலத்தில் வந்தது. நூல் ஆங்கிலமாயிற்று, சீட்டு மட்டும் லத்தீனாகவே இருந்தது. பல்கலைக்கழகங்களே போதனைக்குக் கைவிட்ட ஒரு பாஷை, வைத்தியரின் பேனா முனையில் குறுக்கெழுத்துகளாக மட்டும் ஜீவித்திருந்தது.

அந்த உருவத்திலேயே அது சென்னைக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு அப்போதிக்கரிகளும் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர்களும் தேவைப்பட்டதால் 1835-இல் சென்னையில் ஒரு வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே 1850-இல் கல்லூரியாகி, இன்றைய சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இந்நாட்டுச் சரக்குகளின் பெயர்களை அறிய வெள்ளைக்கார வைத்தியர்களுக்கு ஆவல் இல்லாமலில்லை. சென்னையில் ஊழியம் செய்த ஒயிட்லா ஐன்ஸ்லி 1813-இல் இங்கேயே அச்சிட்ட நூலில் நாட்டு மருந்துகளின் தமிழ்ப் பெயர்களைத் திரட்டித் தந்தார். 1868-இல் இந்தியாவுக்கென ஒரு பார்மகோபியா வெளிவந்ததும், அடுத்த ஆண்டே சென்னை வைத்தியரான மொய்தீன் ஷெரீப், சரக்குகளின் பெயர்களைத் தமிழ் உட்பட இத்தேச பாஷைகள் பலவற்றில் தொகுத்து அதற்கு ஓர் அனுபந்தம் வெளியிட்டார். கடையில் வாங்குவோர் ஒன்றைக் கேட்டு வேறொன்றைப் பெறும் விபரீதத்தைத் தவிர்க்க அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. பெயர்களுக்கு இவ்வளவு கவலை எடுத்தவர்கள், வேளையையும் அளவையும் நோயாளியின் பாஷையில் எழுதவேண்டும் என்று ஒரு விதி செய்யாமற்போனார்கள்.

அந்தக் குறையை நம் ஊர்களில் நிரப்பியவர் கம்பவுண்டர். அவர் வேலையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. நோயாளி வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த சீசாவை வாங்கி, வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்து, பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்சரையோ வெள்ளை மிக்சரையோ அளவுக் குவளையில் ஊற்றி நிரப்புவார். பிறகு ஒரு நீண்ட காகிதத் துண்டை எட்டாகவோ ஆறாகவோ மடித்து, மடிப்பின் ஓரங்களைக் கத்தரிக்கோலால் சாய்வாகக் கிள்ளிவிட்டுப் பிரித்தால், இரு ஓரமும் பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். அதைப் பசை தடவிச் சீசாவின் பக்கத்தில் நெடுக ஒட்டுவார். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் நிற்கும் மருந்து ஒரு வேளைக்கு. எழுத்தறியாத கிழவியும் அந்தக் காகிதத்தைப் படிப்பாள். 'டி.டி.எஸ்., பி.சி.' என்று வைத்தியர் எழுதியதை, 'நல்லாக் குலுக்கிட்டு, ஒரு வேளைக்கு ஒரு கோடு, மூணு வேளையும் சாப்பிட்டப்புறம் குடி ஆத்தா' என்று அவர் சொல்லி அனுப்புவார். லத்தீன் தமிழாவது அவர் மருந்து கொடுக்கும் சாளரத்தருகே நிகழ்ந்தது. வைத்தியசாலையின் சரித்திரம் எழுதுவோர் பெரிய சத்திரவைத்தியர்களின் பெயர்களைப் பொறிக்கிறார்கள். கம்பவுண்டருக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மாத்திரைகள் ஆலைகளில் செய்யப்பட்டு அட்டைகளில் வரத் தொடங்கியபின் கலப்பவர் மறைந்தார். 1948-ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டம் படித்துப் பதிவு பெற்றவரே மருந்து கொடுக்கவேண்டும் என்று வகுத்தது. 'கலந்து மிக்சர் ஆக்கு' என்ற குறிப்புக்கு வேலை போயிற்று. ஆனால் வேளையைக் குறிக்கும் லத்தீன் எழுத்துகள் போகவில்லை. அவற்றோடு அவற்றின் அபாயங்களும் போகவில்லை. முன்காலத்தில் டிராம் என்னும் எடைக்கு மூன்று என்ற இலக்கம் போன்ற ஒரு குறியும், அவுன்ஸுக்கு அதே குறியின் தலையில் ஒரு கீற்று அதிகமாகவும் எழுதுவார்கள். எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். அவசரமான கையெழுத்தில் கீற்று ஒன்று கூடினால் மருந்து எட்டு மடங்காகிவிடும். இன்றைய சீட்டிலும் 'கியூ.டி.' என்ற தினம் ஒருமுறை, 'கியூ.ஐ.டி.' என்ற தினம் நான்கு முறையாகப் படிக்கப்படலாம். இன்சுலினின் 'யூனிட்' என்பதற்கு 'யூ' என்ற ஓரெழுத்தைப் போட்டால், அது பூஜ்யமாகத் தோன்றி, நான்கு யூனிட் நாற்பதாகும். 'ஓ.டி.' என்பது நமக்குத் தினம் ஒருமுறை. கண் வைத்தியருக்கோ அதுவே வலக்கண். இத்தகைய பிழைகளால் உயிர்கள் போனதைக் கண்டே அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் கூட்டு ஆணையம் 2004-இல் எழுதக்கூடாத குறுக்கங்களின் பட்டியல் ஒன்றை விதித்தது. இங்கிலாந்தின் தேசிய மருந்துக் கையேடும் உபயோகக் குறிப்பைக் குறுக்காமல் ஆங்கிலத்திலேயே எழுதுவது நலம் என்று சொல்லிவிட்டு, பழைய வழக்கத்தை விடமுடியாதவர்களுக்காக லத்தீன் பட்டியலையும் வைத்திருக்கிறது.

நம் பழைய வைத்தியத்தில் மறைப்பு இல்லை என்று பெருமை பேசுவதற்கில்லை. சித்தர் நூல்களின் பரிபாஷை குருவின் வாய்மொழியின்றி விளங்காது. ஆயினும் மருந்தை மடித்துக் கொடுக்கும்போது நாட்டு வைத்தியர், அந்தி சந்தி இரு வேளையும் தேனில் குழைத்து ஒரு மண்டலம் சாப்பிடு, புளி தள்ளு என்றே சொன்னார். அதில் வேளை உண்டு, அனுபானம் உண்டு, நாள் உண்டு, பத்தியம் உண்டு. நோயாளிக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை. நம் தேசத்து வைத்தியர்கள் இப்போது பெரிதும் கையாளும் ஒன்று-பூஜ்யம்-ஒன்று என்னும் இலக்க முறையும் இந்த வழியில் வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, இரவில் ஒன்று: இலக்கம் தெரிந்த எவரும் படிக்கலாம். 'பி.டி.', 'டி.டி.எஸ்.' போன்ற லத்தீன் குறுக்கம் எத்தனை தடவை என்று மட்டும் சொல்லும்; இது எந்தெந்த வேளை என்றும் சொல்லிவிடுகிறது. உணவுக்கு முன்னா பின்னா என்பதை இது சொல்லாது. அதையும் இரண்டு தமிழ்ச் சொற்களில் எழுதிவிட்டால் குறை நீங்கும்.

மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் கூடுமானவரை பெரிய எழுத்திலும் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றம் 2016-இல் விதித்தது. நல்ல விதி, ஆனால் அது பெயரைப் பற்றியது. உண்ணும் முறையையும் நோயாளியின் தாய்மொழியில் எழுதவேண்டும் என்ற விதி அதனோடு சேரவேண்டும். விதி வரும்வரை காத்திராமல் நம் வைத்தியர்களும் மருந்தாளுநர்களும் தாங்களாகவே இதைச் செய்யலாம். ஒரு வரி எழுதப் பிடிக்கும் நேரம் பெரிதன்று. வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: சீட்டை வாங்கியதும் எழுந்து வந்துவிடாதீர்கள். எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று கேளுங்கள். சொன்னதை அங்கேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.