போரை விலக்கிய நிதி, வட்டியை விலக்கிய நிதி

அமெரிக்காவில் சமய நம்பிக்கையிலிருந்து பிறந்த பரஸ்பர நிதிகளில் பாக்ஸ் வேர்ல்டு, அமானா என்ற இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை. பாவம் என்று கருதும் தொழிலில் பணம் போடுவதில்லை என்பது இரண்டுக்கும் பொது. எது பாவம், அதை எப்படி அளப்பது என்பதில்தான் வேறுபடுகின்றன.

பாக்ஸ் வேர்ல்டு 1971இல் வியட்நாம் போரின் நடுவே தொடங்கியது. நிறுவியவர்கள் மெதடிஸ்ட் திருச்சபையில் அமைதிப் பணி செய்த லூதர் டைசனும் ஜாக் கார்பெட்டும். முதல் இருப்பு 1,01,000 டாலர். ஆயுதம், மது, புகையிலை, சூதாட்டம் நான்கையும் ஒதுக்கினார்கள். வட்டி அவர்களுக்குத் தடையில்லை. பங்குகளோடு கடன் பத்திரங்களையும் வாங்கினார்கள்.

1986இல் முஸ்லிம் முதலீட்டாளர்களுக்காகத் தொடங்கிய அமானாவுக்கோ வட்டியே முதல் தடை. வங்கிப் பங்கும் வட்டி தரும் கடன் பத்திரமும் வாங்காது. மது, பன்றி இறைச்சி, சூதாட்டத் தொழில்களும் விலக்கு. ஒரு நிறுவனத்தின் கடன், அதன் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பங்கையும் தொடாது.

பாக்ஸின் அளவுகோல் மனசாட்சி. அது காலத்தோடு நகர்ந்தது. ஸ்டார்பக்ஸ் 2005இல் காபி மதுபானம் ஒன்றைக் கொண்டுவந்ததும், மதுவுக்கு அறவே இடமில்லை என்ற விதிப்படி பாக்ஸ் அந்தப் பங்குகளை விற்க நேர்ந்தது. மறு ஆண்டு முதலீட்டாளர்கள் வாக்களித்து அந்த விதியைத் தளர்த்தினார்கள். கேட்டு மாற்றியது நேர்மை. ஆனால் 2001 முதல் 2005 வரை தன் விதிகளையே மீறிச் சில பங்குகளை வாங்கியதற்காக, 2008இல் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. நல்ல நோக்கம் இருந்தும் காவல் தளர்ந்திருந்தது.

அமானாவின் அளவுகோல் எண். யாரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். 2008 நெருக்கடியில் வங்கிகள் சரிந்தபோது அதன் இழப்பு சந்தைச் சராசரியைவிடக் குறைந்தது. எண்ணுக்கும் குறை உண்டு: பங்கு விலை விழுந்தால், புதிதாக ஒரு காசு கடன் வாங்காத நிறுவனமும் வரம்பைத் தாண்டிவிடும்.

மனித உயிரை முன்வைத்ததில் பாக்ஸின் பார்வை விரிந்தது. சரிபார்க்க முடிவதில் அமானாவின் முறை உறுதியானது. என் மதிப்பில், பிறர் பணத்தைக் கையாளும் இடத்தில் இரண்டாவதே முதல் தேவை. அறவழி முதலீடு என்று யார் அழைத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை விலக்குகிறீர்கள்? அதை வெளியிலிருந்து சரிபார்ப்பவர் யார்? விதியை மாற்றும்போது எங்களைக் கேட்பீர்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.