ஹெண்டர்சனின் செவிலியக் கோட்பாடு

ஹெண்டர்சனின் செவிலியக் கோட்பாடு என்பது செவிலியருக்கே உரிய தனிப் பணி எது என்பதை வரையறுக்கும் ஒரு கருத்துருவாகும். இதனை முன்வைத்தவர் அமெரிக்கச் செவிலியரும் ஆசிரியருமான வர்ஜீனியா ஹெண்டர்சன் (1897–1996) ஆவார். ஒருவர் தமக்குப் போதிய வலிமையும் மனத்திண்மையும் அறிவும் இருந்தால் தாமாகவே செய்துகொள்ளக்கூடிய செயல்களில் அவருக்குத் துணைநிற்பதே செவிலியரின் முதன்மைப் பணி என்பதும், அவர் எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில் பிறர் உதவியின்றி வாழ வழிசெய்வதே அப்பணியின் இலக்கு என்பதும் இக்கோட்பாட்டின் சாரம். செவிலியப் பராமரிப்பு கவனிக்க வேண்டிய பதினான்கு அடிப்படைத் தேவைகளையும் ஹெண்டர்சன் பட்டியலிட்டார். இப்பட்டியல் உலகின் பல நாடுகளில் செவிலியக் கல்வியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாக உள்ளது.

பின்னணி

நோயாளிகளைப் பேணும் பணி மிகத் தொன்மையானது. எனினும் பயிற்சி பெற்றோர் செய்யும் ஒரு தொழிலாக அது உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். பிளாரன்சு நைட்டிங்கேல் 1859இல் செவிலியம் பற்றிய தமது நூலை எழுதினார். 1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தூய காற்று, வெளிச்சம், தூய்மை, அமைதி, தகுந்த உணவு ஆகியவற்றைச் செவ்வனே அமைத்துக் கொடுத்தால் உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அதாவது, நைட்டிங்கேலின் கவனம் நோயாளியின் சுற்றுச்சூழல் மீது இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவமனைகள் பெருகின. செவிலியர்களின் வேலை மருத்துவரின் ஆணைகளை நிறைவேற்றுவது, படுக்கைகளைச் சீராக்குவது, மருந்துகளை நேரத்திற்குக் கொடுப்பது எனப் பணிகளின் பட்டியலாகச் சுருங்கியது. செவிலியர் தம் சொந்தப் பொறுப்பில் செய்வது என்ன என்ற வினாவிற்குத் தெளிவான விடை இருக்கவில்லை. இது வெறும் ஏட்டளவிலான சிக்கல் அன்று. ஒரு தொழிலின் எல்லை வரையறுக்கப்படாவிட்டால் அதற்கு உரிமம் வழங்கும் சட்டத்தையும் தெளிவாக எழுத இயலாது. பயிற்சியற்றவர்களிடமிருந்து பொதுமக்களைக் காக்கவும் இயலாது. ஹெண்டர்சன் தமது வரையறையை உருவாக்க முற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வர்ஜீனியா ஹெண்டர்சன்

ஹெண்டர்சன் 1897 நவம்பர் 30இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கான்சசு நகரில் பிறந்தார். வர்ஜீனியா மாநிலத்தில் வளர்ந்தார். முதலாம் உலகப்போரின் போது வாசிங்டனில் அமைக்கப்பட்ட இராணுவச் செவிலியப் பள்ளியில் பயின்று 1921இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் வீடுகளுக்கே சென்று பராமரிப்பு அளிக்கும் சேவையில் பணியாற்றினார். மருத்துவமனையின் கட்டுப்பாடான ஒழுங்கில் காணாத ஒன்றை, அதாவது நோயாளி தம் குடும்பத்துடனும் பழக்கவழக்கங்களுடனும் வாழும் முழு மனிதர் என்பதை, இத்தகைய பணியில் நேரில் காண முடிந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பயின்ற அவர், 1934 முதல் 1948 வரை அங்கேயே கற்பித்தார். உடலின் உட்சூழல் நிலையாக இருக்க வேண்டும் என்ற உடலியங்கியல் கருத்தும், மனிதரின் அடிப்படைத் தேவைகள் பற்றிய உளவியல் கருத்தும், இயலாமையுற்றோரை மீண்டும் தற்சார்புடையோராக்கும் மறுவாழ்வு மருத்துவமும் அவர் சிந்தனையை உருவாக்கின. 1953 முதல் யேல் பல்கலைக்கழகத்துடன் இணைந்து செவிலிய ஆய்வுகளைத் தொகுத்தார். 1996 மார்ச்சு 19இல் தமது 98ஆம் அகவையில் காலமானார்.

வரையறையின் வளர்ச்சி

பெர்த்தா ஆர்மர் எழுதிய செவிலியப் பாடநூலைத் திருத்தி எழுதும் பொறுப்பு ஹெண்டர்சனுக்குக் கிடைத்தது. இந்நூலின் 1955ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரது வரையறை இடம்பெற்றது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் எழுதிய செவிலியப் பராமரிப்பின் அடிப்படைக் கோட்பாடுகள் என்னும் சிறுநூல் 1960இல் வெளியானது. இது இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது. தாம் இம்முடிவுகளுக்கு வந்த வழியை 1966இல் வெளியான செவிலியத்தின் இயல்பு என்ற நூலில் விளக்கினார்.

இவ்வரையறையில் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, செவிலியம் நோயுற்றோருக்கு மட்டும் உரியதன்று. நலமாக இருப்போர் நலத்துடன் தொடரவும் அது உதவுகிறது.

இரண்டாவது, குணமடைதல் இயலாதபோது அமைதியான மரணத்திற்குத் துணைநிற்பதும் செவிலியரின் கடமையே. இறப்பைத் தோல்வியாக மட்டுமே கருதிய மருத்துவச் சூழலில் இது முக்கியமான கருத்தாகும்.

மூன்றாவது, ஒருவர் உதவி நாடுவதற்கு மூன்று குறைகள் காரணமாகலாம்: வலிமையின்மை, மனத்திண்மையின்மை, அறிவின்மை. எது குறைவு என்பதைக் கண்டறிந்த பின்னரே எவ்வுதவி தேவை என்பதை முடிவு செய்ய இயலும்.

பதினான்கு அடிப்படைத் தேவைகள்

ஹெண்டர்சன் குறிப்பிட்ட தேவைகளைச் சுருக்கமாகப் பின்வருமாறு கூறலாம்:

1. இயல்பாக மூச்சுவிடுதல்
2. போதிய அளவு உண்ணுதலும் பருகுதலும்
3. உடற்கழிவுகளை வெளியேற்றுதல்
4. நடமாடுதலும் உடலைத் தகுந்த நிலையில் வைத்திருத்தலும்
5. உறக்கமும் ஓய்வும்
6. பொருத்தமான உடையைத் தேர்ந்து உடுத்துதல், களைதல்
7. உடல் வெப்பநிலையை இயல்பான எல்லைக்குள் பேணுதல்
8. உடல் தூய்மையும் தோலின் பாதுகாப்பும்
9. சூழலிலுள்ள இடர்களைத் தவிர்த்தல், பிறருக்குத் தீங்கு நேராமல் காத்தல்
10. உணர்ச்சி, தேவை, அச்சம், கருத்து ஆகியவற்றைப் பிறருக்குத் தெரிவித்தல்
11. தம் நம்பிக்கைக்கேற்ப வழிபடுதல்
12. நிறைவு தரும் வேலையில் ஈடுபடுதல்
13. விளையாட்டும் பொழுதுபோக்கும்
14. கற்றல், அறிய விழைதல், கிடைக்கும் நலவாழ்வு வசதிகளைப் பயன்படுத்துதல்

இவற்றுள் முதல் ஒன்பதும் பெரும்பாலும் உடல் சார்ந்தவை. பத்தாவதும் பதினான்காவதும் உளவியல் சார்ந்தவை. பதினொன்றாவது ஆன்மிகம் சார்ந்தது. பன்னிரண்டும் பதின்மூன்றும் சமூகம் சார்ந்தவை என்று பொதுவாக வகைப்படுத்துவர். தேவைகள் அனைவருக்கும் பொதுவானவை எனினும் அவை நிறைவேறும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். உணவு அனைவருக்கும் தேவை; எவ்வுணவு, எப்போது, எவ்வாறு என்பது ஒருவரின் அகவை, பண்பாடு, மனநிலை, உடல்நிலை ஆகியவற்றைப் பொறுத்தது.

செவிலியர்–நோயாளி உறவு

நோயாளியின் நிலைக்கேற்பச் செவிலியரின் பங்கு மூன்று நிலைகளில் அமைகிறது.

பதிலி: நோயாளி நினைவிழந்தோ முற்றிலும் செயலிழந்தோ இருக்கும்போது, அவரால் செய்ய இயலாத அனைத்தையும் செவிலியர் அவருக்காகச் செய்கிறார்.

உதவியாளர்: நோயாளியால் ஒரு பகுதியைச் செய்ய இயலும்போது, எஞ்சியதை மட்டும் செவிலியர் நிறைவு செய்கிறார்.

கூட்டாளி: நோயாளி தேறிய நிலையில், இருவரும் சேர்ந்து பராமரிப்பைத் திட்டமிடுகின்றனர்.

மருத்துவர் வகுத்த சிகிச்சைத் திட்டத்தை நோயாளி பின்பற்ற உதவுவதும் செவிலியரின் பொறுப்பே. ஆயினும் அடிப்படைப் பராமரிப்பைப் பொறுத்தவரை செவிலியரே முதன்மை வல்லுநர். அதனைத் தொடங்கவும் நெறிப்படுத்தவும் அவருக்கு உரிமை உண்டு என்பது ஹெண்டர்சனின் நிலைப்பாடு. மருத்துவர், இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோருடன் செவிலியர் ஒரு குழுவின் உறுப்பினராகப் பணியாற்றுகிறார்.

நடைமுறை எடுத்துக்காட்டு

பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் குழறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவருக்கு இரத்த அழுத்த மருந்தைக் கொடுப்பது மட்டும் போதாது.

வாய்வழி உணவோ நீரோ கொடுக்கும் முன் அவரால் விழுங்க இயலுமா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று நுரையீரல் அழற்சி ஏற்படலாம். இதனால் உயிரிழப்பும் நேரலாம். ஒரே நிலையில் படுத்திருந்தால் எலும்பு துருத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். எனவே குறித்த இடைவெளிகளில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்துத் தோலைக் கவனிக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிப்படையும். பேச இயலாதவர் தமக்கு வலிக்கிறது என்பதையோ சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதையோ தெரிவிக்கச் சைகை, பட அட்டை போன்ற வழியொன்றை ஏற்படுத்த வேண்டும்.

சில நாட்களில் அவர் இடக்கையால் உண்ணத் தொடங்குகிறார். உணவு சிந்துகிறது, நேரமும் ஆகிறது. செவிலியர் ஊட்டிவிட்டால் வேலை விரைவில் முடிந்துவிடும். ஆனால் அவ்வாறு செய்வது நோயாளியின் தற்சார்பைப் பறிப்பதாகும். தட்டை நகராமல் வைத்துக் கொடுத்துவிட்டு அருகில் காத்திருப்பதே இங்குச் செவிலியப் பணி. தேவைக்குக் குறைவான உதவியைப் போலவே தேவைக்கு மிஞ்சிய உதவியும் தீங்கானது என்பது இக்கோட்பாடு கற்பிக்கும் முக்கியப் பாடமாகும்.

வீடு திரும்பும்போது தேவை மாறுகிறது. மருந்தை நிறுத்தக்கூடாது என்பது தெரியாவிட்டால் அது அறிவுக் குறை. தெரிந்தும் மனம் சோர்ந்து உட்கொள்ளாவிட்டால் அது மனத்திண்மைக் குறை. முதலாவதற்கு விளக்கம் போதும். இரண்டாவதற்கு விளக்கம் மட்டும் போதாது.

தாக்கம்

ஸ்பெயின், பிரான்சு முதலிய நாடுகளில் நோயாளியின் நிலையை மதிப்பிடும் படிவங்கள் பதினான்கு தேவைகளின் அடிப்படையில் அமைக்கப்படுவதுண்டு. பிரித்தானியாவில் 1980இல் ரோப்பர், லோகன், டியர்னி ஆகியோர் வெளியிட்ட பன்னிரண்டு அன்றாடச் செயல்களைக் கொண்ட மாதிரியிலும் ஹெண்டர்சனின் தாக்கம் உண்டு. 1985இல் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் தனது கிறிஸ்டியான் ரெய்மன் பரிசை முதன்முதலாக ஹெண்டர்சனுக்கு வழங்கியது.

திறனாய்வு

இப்பதினான்கு தேவைகளுக்கிடையேயான தொடர்புகள் போதிய அளவு விளக்கப்படவில்லை என்பது ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. உடல்சார் தேவைகள் முதலில் இடம்பெறுவதால் மற்றவை பின்னுக்குத் தள்ளப்படும் என்றும் சிலர் கருதுகின்றனர். பட்டியலை வரிசையாக நிரப்பும் படிவமாக மட்டும் பயன்படுத்தினால், அவர் எதிர்த்த பணிப்பட்டியல் முறைக்கே அது திரும்பிச் செல்லும் இடரும் உண்டு.

ஹெண்டர்சன் தம் கருத்தை ஒரு கோட்பாடாகக் கருதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அது செவிலியப் பணி பற்றிய தமது விளக்கம் என்ற அளவிலேயே அவர் அதனை முன்வைத்தார். ஒவ்வொரு செவிலியரும் தமக்கான கருத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் விரும்பினார்.

இந்தியச் சூழலில்

இந்தியாவில் செவிலியப் பட்டப்படிப்பின் செவிலிய அடிப்படைகள் பாடத்தில் நைட்டிங்கேலுடன் ஹெண்டர்சனும் இடம்பெறுகிறார். ஆயினும் பாடத்திற்கும் வார்டுக்கும் இடையே இடைவெளி உள்ளது. நோயாளிகள் மிகுந்த பல மருத்துவமனைகளில் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், திருப்பிப் படுக்க வைத்தல் ஆகியவற்றை உடனிருக்கும் உறவினரே செய்கின்றனர். செவிலியரின் நேரம் ஊசி, மருந்து, பதிவேடு ஆகியவற்றிலேயே கழிகிறது. அடிப்படைப் பராமரிப்பே செவிலியத்தின் உயிர்நாடி என்று கொண்டால், உறவினருக்கு அதனை முறையாகக் கற்றுக்கொடுப்பதும் மேற்பார்வையிடுவதும் செவிலியப் பணியின் பகுதியே ஆகும். வீடு திரும்பிய பின் நோயாளியைப் பேணப்போவோரும் அவர்களே என்பதால் இதன் தேவை கூடுதலாகிறது.

இவற்றையும் பார்க்க

செவிலியர்
பிளாரன்சு நைட்டிங்கேல்
பன்னாட்டுச் செவிலியர் மன்றம்
படுக்கைப்புண்
பக்கவாதம்