பெயர் மறைக்கப்பட்ட படைப்பாளர்கள்: அட்டாரி தந்த பாடம்



கணினி விளையாட்டு என்றாலே நம்மில் பலருக்குக் கசப்பு. பிள்ளைகளின் நேரத்தை விழுங்கும் பூதம் என்றே பேசி வருகிறோம். ஆயினும் ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் 'இதை எழுதியவர் யார்?' என்று கேட்கும்படி மாணவர்களைப் பழக்கும் நாம், அவர்கள் ஆடும் விளையாட்டைப் படைத்தவர் யார் என்று கேட்பதே இல்லை. அக்கேள்விக்கு விடை கிடைக்காதபடி ஒரு பெரிய நிறுவனமே பார்த்துக்கொண்ட காலமும் ஒன்று இருந்தது. அவ்வரலாற்றை இன்று எழுத விழைகிறேன்.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகிய இருவரும் தொடங்கிய நிறுவனம் அட்டாரி. 1976இல் வார்னர் குழுமம் அதனை ஏறத்தாழ 28 மில்லியன் டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனி கேட்ரிட்ஜாக விற்கப்பட்டது.

அக்கருவியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட்டு. தமிழ் ஒருங்குறியில் இந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்வதற்கே அதைவிட அதிக இடம் வேண்டும்! முழுப் படத்தையும் சேமித்து வைக்க இடமில்லாததால், தொலைக்காட்சித் திரையில் ஒளிக்கற்றை ஒவ்வொரு கோடாக இறங்கி வரும் வேகத்திற்கு ஈடுகொடுத்து, அந்தந்தக் கோட்டை அந்தந்த நொடித்துகளில் நிரலர் வரைந்தாக வேண்டும். கற்பனை, ஓவியம், ஒலி, நிரல் அனைத்தும் பெரும்பாலும் ஒருவரே. யாப்பின் கட்டுக்குள் நின்று வெண்பா இயற்றும் புலவனின் உழைப்போடு இதனை ஒப்பிடுவது மிகையாகாது என்பது என் எண்ணம்.

1978இன் இறுதியில் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர் ரே கசார். துணி உற்பத்தித் துறையில் நீண்ட அனுபவம் உடையவர். அவர் காலத்தில் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் விளையாட்டை உருவாக்கியவரின் பெயர் பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் ஆளை இழுத்துக்கொள்ளும் என்ற அச்சம் ஒருபுறம். புகழ் பெற்றவன் கூடுதல் ஊதியம் கேட்பான் என்ற கணக்கு மறுபுறம்.

1979இல் எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்னும் பட்டியல் நிரலர்களின் கைக்கு வந்தது. டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வர் கூட்டிப் பார்த்தனர். கேட்ரிட்ஜ் வருவாயில் ஏறத்தாழ 60 விழுக்காடு தங்கள் படைப்புகளால் வந்தது எனக் கண்டதாக அவர்கள் பின்னாளில் கூறியிருக்கின்றனர். தலைவரிடம் சென்று முறையிட்டபோது, பொருத்துக்கூடத்தில் கேட்ரிட்ஜைப் பூட்டுபவரைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமானவர்கள் அல்லர் என்ற பொருளில் மறுமொழி கிடைத்ததாம். தொழிலாளியின் உழைப்பும் உயர்ந்ததே, அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே அச்சொல் தொழிலாளியை உயர்த்தச் சொல்லப்பட்டதன்று.

நால்வரும் வெளியேறினர். இசைத்தட்டுத் துறையிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து, அதே ஆண்டு ஆக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். நூலாசிரியரின் பெயரைப் போல் விளையாட்டைப் படைத்தவரின் பெயரையும் வெளிப்படையாக அச்சிட்டனர். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் உடன்பாடு ஏற்பட்டது. கிரேன் உருவாக்கிய 'பிட்ஃபால்' அந்த ஆண்டுதான் வெளிவந்து, பல மில்லியன் படிகள் விற்றது.

வாரன் ராபினெட் என்னும் இன்னொரு நிரலர் வேறு வழி கண்டார். தாம் உருவாக்கிய 'அட்வென்ச்சர்' விளையாட்டுக்குள் யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையைக் கட்டி, அதில் தம் பெயரைப் பொறித்துவிட்டு நிறுவனத்தை விட்டு விலகினார். கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சாம்பல் நிறப் புள்ளியே அவ்வறைக்குத் திறவுகோல். கண்டுபிடித்து அட்டாரிக்கு மடல் எழுதியவன் 15 வயதுச் சிறுவன்! நம் பிள்ளைகளின் கூர்மையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோமோ என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

1982ஆம் ஆண்டின் கோடையில் 'ஈ.டி.' திரைப்படம் உலகெங்கும் வெற்றி கண்டது. அதன் விளையாட்டு உரிமையைப் பெற இருபது மில்லியன் டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டதாகக் கூறுவர். கிறிஸ்துமஸ் சந்தையைப் பிடித்தாக வேண்டும். எனவே ஜூலை மாத இறுதியில் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் நிரலரிடம் ஐந்து வாரங்களில் முடித்துத் தரும்படி கேட்டனர். மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை அது. வார்ஷாவோ திறமை குறைந்தவர் அல்லர். அவருடைய 'யார்ஸ் ரிவெஞ்ச்' இன்றும் போற்றப்படுவது. அவரும் துணிந்து ஒப்புக்கொண்டார், முடித்தும் கொடுத்தார். ஆடியவர்களோ அடிக்கடி குழிக்குள் விழுந்து சலித்துப்போயினர். மில்லியன் கணக்கான படிகள் விற்காமல் தேங்கின.

இந்த ஒரு விளையாட்டே தொழிலைக் கவிழ்த்தது என்று சிலர் எழுதுவது சரியன்று. ஆக்டிவிஷனின் வெற்றியைக் கண்டு, படைப்பார்வம் சிறிதுமின்றிப் பல நிறுவனங்கள் அரைகுறை விளையாட்டுகளைச் சந்தையில் கொட்டின. பெற்றோரும் கடைக்காரரும் நம்பிக்கை இழந்தனர். 1983இல் அட்டாரியின் இழப்பு 500 மில்லியன் டாலரைத் தாண்டியது. கசார் அந்த ஆண்டே விலகினார். 1984இல் வார்னர் அட்டாரியின் வீட்டுக்கருவிப் பிரிவை விற்றுக் கைகழுவியது. தப்பிப் பிழைத்த ஆக்டிவிஷனை விட்டுக் கிரேனும் 1986இல் வெளியேறினார். அதே நிறுவனம் வளர்ந்து, இணைந்து, 2023இல் ஏறத்தாழ 69 பில்லியன் டாலருக்கு மைக்ரோசாப்ட்டிடம் போய்ச் சேர்ந்தது தனிக்கதை.

விற்காத சரக்கை அட்டாரி 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. வெறும் கட்டுக்கதை என்றே பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2014 ஏப்ரலில் ஆவணப்படம் ஒன்றுக்காக அவ்விடத்தைத் தோண்டினர். நசுங்கிய பெட்டிகளுக்கிடையே 'ஈ.டி.' கேட்ரிட்ஜ்கள் வெளிவந்தன. அவற்றைப் பார்க்கத் திரண்டு நின்ற கூட்டத்தில் வார்ஷாவும் இருந்தார்.