பங்கீட்டுக் காலத்து மணப்பெண்: யுத்தகாலப் பிரித்தானியாவிலே சிறு திருமணமும் வெள்ளை ஆடையும்

ஒரு சமுதாயத்தின் வழக்கங்களுள் மிகப் பழையனவாகத் தோன்றுவன பல, ஆராயுமிடத்து, அண்மைக் காலத்தனவாய் இருத்தலைக் காண்கின்றோம். மணப்பெண்ணின் வெள்ளை ஆடை அத்தகையதொன்று. எமது நாட்டிலே, யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமங்களிலும் மன்னாரிலும் நடைபெறும் கத்தோலிக்கத் திருமணங்களைக் கண்டோர், அவ்வாடையைத் திருச்சபை தொன்றுதொட்டு விதித்த கோலமென்று எண்ணுதல் இயல்பு. உண்மையில் அது சபை விதித்ததன்று. 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி விக்ரோறியா மகாராணி தமது திருமணத்திற்கு வெள்ளைச் சற்றின் ஆடை அணிந்தமையே அவ்வழக்கம் பரவுதற்குப் பெரிதும் காரணமாயிற்று. அதற்கு முன்னரும் வெள்ளை அணிந்த மணப்பெண்கள் இருந்தனர். ஆயினும் நீலமோ, சாம்பல் நிறமோ, கபிலமோ, தன்னிடமுள்ள உடைகளுள் சிறந்ததை அணிந்துகொள்வதே பெரும்பாலோர் வழக்கு.

மகாராணியின் தெரிவிற்கும் ஒரு பொருளாதாரப் பின்னணி உண்டு. ஆடைக்கான பட்டு இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிலே நெய்யப்பட்டது. ரேந்தை டெவன் மாகாணத்திலே கையால் பின்னப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் அவ்வேலையிற் பல மாதங்கள் ஈடுபட்டனர். இயந்திர ரேந்தையின் போட்டியால் நலிந்துகொண்டிருந்த ஒரு கைத்தொழிலுக்கு அரசகுலத்து ஆதரவு காட்டுதலும் அத்தெரிவின் நோக்கமாயிருந்தது. ஆனால் அதனைப் பார்த்துப் பின்பற்றியோர் கைத்தொழிலைக் கருதவில்லை, வெண்மையையே கருதினர்.

பின்பற்றக்கூடியவர் யாவர் என்பதே வினா. வெள்ளைத் துணி விரைவில் அழுக்காகும்; நிலக்கரிப் புகை படிந்த தொழில் நகரங்களிலே அதனைத் துவைத்துப் பேணுதல் எளிதன்று. ஒரு நாளைக்கு அணிந்து பின்னர் பெட்டியில் மடித்து வைத்தற்கென்றே ஓர் ஆடை வாங்குதல் வசதியுள்ள குடும்பத்துக்கே இயலும். வீட்டுப் பணிப்பெண்ணும் ஆலைத் தொழிலாளியும் திருமணத்துக்கு வாங்கிய உடை, அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் பயன்படவேண்டிய உடையாகும். இந்த நிலை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெல்ல மாறி வந்ததெனினும், 1939இல் யுத்தம் தொடங்கியபோது வெள்ளை ஆடை எல்லாப் பெண்களுக்கும் கைகூடியதாக இருக்கவில்லை. எல்லாப் பெண்களும் விரும்பியதாக இருந்தது. கைகூடுதலுக்கும் விரும்புதலுக்கும் இடையே கிடந்த இந்தத் தூரத்தை யுத்தகாலப் பஞ்சம் என்ன செய்தது என்பதே இங்கு நாம் நோக்கவிருப்பது.

யுத்தம் திருமணங்களைக் குறைக்கவில்லை, பெருக்கிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1938இல் ஏறத்தாழ 360,000 ஆக இருந்த திருமணங்கள், 1940இல் 470,000க்கு மேலாயின. போர்முனைக்குச் செல்லுமுன் மணம் முடித்துக்கொள்ள விரும்பிய இளைஞர் பலர். மூன்று ஞாயிறுகள் தேவாலயத்திலே திருமண அறிவித்தல் வாசிக்கப்படும்வரை காத்திருக்க அவகாசம் இல்லாதோர் அனுமதிப் பத்திரம் பெற்று மணந்தனர். நாற்பத்தெட்டு மணித்தியால விடுமுறையில் வரும் மணமகனுக்காகத் திருமணத்தைச் சில நாட்களுக்குள் ஒழுங்கு செய்யவேண்டிய பொறுப்பு மணமகளையும் அவள் தாயையும் சார்ந்தது. இவ்வாறு, திருமணம் சிறுத்தற்கு முதற் காரணம் பொருட் பஞ்சமன்று. காலப் பஞ்சமே எனலாம். உறவினர் தூரத்தில், சகோதரர் படையில், புகைவண்டிகளிலோ இடமில்லை.

பொருட் பஞ்சம் பின்னர் சட்ட வடிவில் வந்தது. 1941ஆம் ஆண்டு யூன் 1ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர்த்தகச் சபையின் தலைவராயிருந்த ஒலிவர் லிற்றெல்ரன் உடைப் பங்கீட்டை வானொலியில் அறிவித்தார். கடைகள் மூடியிருக்கும் நாளைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று. முன்னரே தெரிந்திருந்தால் மக்கள் வாங்கிக் குவித்திருப்பர். இரகசியத்தைக் காக்கும்பொருட்டுத் தனிக் கூப்பன்கள் அச்சிடப்படவில்லை. உணவுப் பங்கீட்டுப் புத்தகத்திற் பயன்படாது எஞ்சியிருந்த மாஜரீன் கூப்பன்களே முதலில் உடைக் கூப்பன்களாகக் கொள்ளப்பட்டன. (அடுத்த ஆண்டில் அரிசிப் பங்கீட்டோடு இலங்கையிலும் வீட்டுக்கு வீடு வழங்கத் தொடங்கிய ‘கூப்பன்’ என்னுஞ் சொல், நெடுங்காலம் எமது நாவிலும் நிலைத்துவிட்டது என்பதை வாசகர் அறிவர்.)

ஒருவருக்கு முதலாண்டிற் கிடைத்தவை 66 கூப்பன்கள். இவற்றைக் கொண்டு ஒரு மணப்பெண் எவ்வாறு கணக்குப் பார்த்திருப்பாள் என்பதைச் சற்று விரிவாகவே பார்த்தல் தகும். கம்பளியல்லாத துணி, ஒரு யார் அகலமுள்ளது, யார் ஒன்றுக்கு 2 கூப்பன். நிலத்தைத் தொடும் திருமண ஆடை ஒன்றுக்குப் பத்து யார் வேண்டுமெனக் கொண்டால் 20 கூப்பன்கள். உட்பாவாடைக்கு 4; ஏனைய உள்ளாடைகள் இரண்டிற்கு 6; காலுறைக்கு 2; கையுறைக்கு 2; சப்பாத்துக்கு 5. மொத்தம் 39. ஆண்டு முழுவதற்கும் எஞ்சுவன 27. குளிர்காலத்துக்கு ஒரு மேற்சட்டை வாங்கின் 14 போய்விடும். பதின்மூன்று கூப்பன்களோடு புதுக்குடித்தனம் தொடங்கவேண்டும். தொப்பிக்கு மட்டும் கூப்பன் இல்லை. மேற்சட்டையும் பாவாடையுமாய் மணந்துகொண்ட பெண்கள் பலர் தலையிலாவது புதியதொன்றைச் சூடியமைக்கு இச்சலுகையும் ஒரு காரணமாகலாம்.

இக்கணக்கினுள்ளே ஒரு நுட்பம் மறைந்து கிடக்கிறது. ஆயத்தமாகத் தைத்து விற்கப்படும் உடை, கம்பளியல்லாததாயின், நீளம் எத்தகையதாயினும் 7 கூப்பன்தான். துணி வாங்கி வீட்டில் தைப்பவளுக்கோ 20. எனவே கடையிலே தைத்த நல்ல ஆடையை வாங்கும் பணமுள்ளவள் கூப்பனை மிச்சம் பிடித்தாள். பணமில்லாது தானே தைத்துக்கொண்டவள் கூப்பனைச் செலவழித்தாள். பங்கீடு எல்லோரையும் சமமாக்கியது என்று அக்காலத்து அரசாங்கப் பிரசாரம் கூறிற்று. கூப்பன் சமம் என்பது உண்மை. விலை சமமன்று, யுத்தத்துக்கு முன்னரே நிறைந்திருந்த அலுமாரிகளும் சமமல்ல. தாயாரின் பட்டாடையைப் பிரித்துத் தைக்கலாமென்று அறிவுரை கூறுவது எளிது; தாயாரிடம் பட்டாடை இருந்திருக்கவேண்டும். இவ்விடத்தில் நாம் பங்கீட்டைப் பழித்தல் நோக்கமன்று. அஃது இல்லாதிருந்தால் துணி முழுவதும் பணத்தின் பின்னாலேயே சென்றிருக்கும். ஆயினும் சமத்துவம் என்ற சொல்லை வரலாற்று மாணவன் அளந்தே ஏற்கவேண்டும்.

கூப்பன்களின் தொகையும் படிப்படியாகக் குறைந்தது. யுத்தம் முடிந்த பின்னர், 1945 செப்ரெம்பர் முதல் 1946 ஏப்ரில் வரையான எட்டு மாதங்களுக்குக் கிடைத்தவை 24 மாத்திரமே. 1942இல் வந்த சிக்கன விதிகள் வர்த்தக முறையில் தைக்கப்படும் உடைகளின் மடிப்புக்களையும் பொத்தான்களையும் எண்ணிக் கட்டுப்படுத்தின. அலங்காரத் தையல் வேலைப்பாட்டைத் தடுத்தன. திருமணத்தைத் திருமணமாகக் காட்டுவனவெல்லாம் வீண்செலவு என்னும் தலைப்பின்கீழ் வந்துவிட்டன.

இந்நிலையிலே பெண்கள் மேற்கொண்ட வழிகள் பல. சீருடையிலேயே மணந்தோர் உண்டு. ஆனால் ஆடையை எவ்வாறேனும் பெற்றுவிட வேண்டுமென்று முயன்றவர்களின் வழிகளே வரலாற்றாசிரியனின் கவனத்தை ஈர்ப்பன. யன்னல் திரைக்கான வலைத்துணியைக் கூப்பனின்றிப் பெற முடிந்தபோது அது மணமகளின் முக்காடாயிற்று. அயலவர், சகோதரிகள், ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் ஆகியோரிடையே ஓர் ஆடை கைமாறிக் கைமாறிச் சென்றது. ஒவ்வொருத்தியின் உடலுக்கேற்ப இடுப்பைப் பிடித்தும் விட்டும், கீழ் விளிம்பை மடித்தும் இறக்கியும், பல திருமணங்களைக் கண்ட ஆடைகள் இருந்தன. பழைய உடைகளுக்குக் கூப்பன் தேவைப்படாமை இதற்கு வாய்ப்பாயிற்று.

அவ்வாய்ப்பைப் பெருமளவிற் பயன்படுத்தியவருள் நாவலாசிரியை பாபரா காட்லன்ட் ஒருவர். பெண்கள் படைப்பிரிவின் நலன் பேணும் பதவியிலிருந்த அவர், பழைய திருமண ஆடைகளை விலைக்கு வாங்கித் திரட்டி, படையிலுள்ள மணப்பெண்களுக்கு ஒரு நாளைக்கென வாடகைக்குக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு இராணுவ அமைச்சை இணங்கச் செய்தார். திரட்டப்பட்டவை ஆயிரம் வரை என்பர். அமெரிக்காவிலிருந்தும் அந்நாட்டு ஜனாதிபதியின் துணைவியார் எலினோர் றூஸ்வெல்ற்றின் முயற்சியால் திருமண ஆடைகள் வந்து சேர்ந்தன. காட்லன்டின் காதற் கதைகளை இலக்கியமென ஏற்காதோரும் இப்பணியை ஒப்புக்கொள்ளத் தடையில்லை.

இங்கே நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. ஆடை சொத்தாக இருந்த நிலை போய், பலரும் மாறி மாறி அணியும் பொதுப்பொருளாயிற்று. யுத்தத்துக்கு முன்னர் தனக்கென ஒரு வெள்ளைப் பட்டாடை வாங்கக் கனவிலும் கருதாத தட்டெழுத்தாளரும் சமையலாளரும், பெருங்குடும்பத்துப் பெண் ஒருத்தி முன்னொருகால் அணிந்த ஆடையை அணிந்து படத்துக்கு நின்றனர். பஞ்சம் வழக்கத்தை அழிக்கவில்லை. அதனைக் கீழிறக்கிப் பரப்பிற்று என்பதே எமது கருத்து. யுத்தத்துக்குப் பின் வெள்ளை ஆடை ஏறத்தாழ எல்லா வகுப்பினருக்கும் உரியதாயினமைக்கு, பிற்காலச் செல்வ வளத்தை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது.

பரசூட் பட்டுப் பற்றி ஒரு வார்த்தை. யுத்தகாலத்து மணப்பெண் என்றதும் இன்று எவரும் முதலில் நினைப்பது பரசூட்டில் தைத்த ஆடையையே. பட்டு முழுவதும் படைத்தேவைக்கு எடுக்கப்பட்ட காலத்திலே பரசூட் அரசாங்க உடைமை. அதனை வைத்திருத்தல் குற்றம். கீழே விழுந்த எதிரி விமானியின் பரசூட்டை ஒளித்து வைத்துத் தைத்த கதைகள் இருப்பினும், 1945இல் மிகுதிப் பரசூட் துணி கூப்பனின்றி விற்பனைக்கு வந்த பின்னரே அது பரவலாயிற்று. அதுவும் தைத்தற்கு எளிய துணியன்று. முக்கோண வடிவில் நெடுகக் கிடக்கும் துண்டங்களைப் பொருத்தவேண்டும். நைலோனாயின் ஊசியின்கீழ் வழுக்கும். நூதனசாலைகளிலே இவ்வாடைகள் விரும்பிப் பேணப்படுகின்றன, விந்தையானது எஞ்சுகிறது. பதிவுக் கந்தோரிலே நீல மேற்சட்டையோடு மணந்து, அச்சட்டையையே கிழியும்வரை அணிந்தவளின் உடையைத் தேடிப் பிடிக்க இயலாது. புகைப்படச் சுருளும் தட்டுப்பாடாயிருந்த காலமாதலின் அவளது படமும் இல்லாதிருக்கலாம். எஞ்சிய சான்றுகளை எண்ணி, அக்காலப் பெண்கள் யாவரும் எவ்வாறேனும் வெள்ளை ஆடை பெற்றனர் என முடிவு கட்டுதல் தவறு.

விருந்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1940இல் கேக்கின்மேல் சீனிப்பூச்சுப் பூசுதல் தடைசெய்யப்பட்டது. எனவே வெதுப்பகத்தார் அட்டையாற் செய்து வெள்ளை பூசிய மூன்றடுக்கு மூடியை வாடகைக்குக் கொடுத்தனர். படம் எடுத்தபின் மூடியை நீக்கினால் உள்ளே சிறியதொரு கேக் இருக்கும். 1942 முதல் உணவகத்திலே ஒருவர் உணவுக்கு ஐந்து சிலிங்குக்கு மேல் அறவிடலாகாது. மோதிரமும் 9 கரட் பொன்னே. புதிதாகச் செய்யப்பட்ட தளபாடங்கள் 1943 முதல் புதுமணத் தம்பதியருக்கும் குண்டுவீச்சில் வீடிழந்தோருக்குமே அனுமதிக்கப்பட்டன. மணமகளும் வீடிழந்தவளும் ஒரே வரிசையில் நின்ற காட்சி அக்காலத்துக்கே உரியது.

1947 நவம்பர் 20ஆந் திகதி எலிசபெத் இளவரசியின் திருமணம் நடந்தபோதும் உடைப் பங்கீடு நீங்கவில்லை. பாணுங்கூடப் பங்கீட்டிலேயே இருந்தது. இளவரசிக்கு அரசாங்கம் மேலதிகக் கூப்பன்களை வழங்கிற்று. நாடெங்குமிருந்து பெண்கள் தங்கள் கூப்பன்களை அனுப்பி வைத்தனர். கூப்பனைப் பிறருக்குக் கொடுத்தல் சட்டவிரோதமாதலின் அவை திருப்பி அனுப்பப்பட்டன. நோமன் ஹாட்னெல் அமைத்த அவ்வாடையில் அமெரிக்காவிலிருந்து வருவித்த பத்தாயிரம் முத்துக்கள் பதிக்கப்பட்டன. பட்டுப் புழுக்கள் எதிரி நாட்டனவோ என்ற ஐயம் எழவே, அவை சீனாவைச் சேர்ந்தவை என்று விளக்கம் கூற நேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் விக்ரோறியாவின் ஆடை எந்தக் கைத்தொழிலுக்கு உதவும் என்று கேட்கப்பட்டது. இப்பொழுதோ எத்தனை கூப்பன் என்றும், எந்நாட்டுப் புழு என்றும் கேட்கப்பட்டது. தமது கூப்பன்களை அனுப்பிய பெண்களின் செயலை வெறும் இராசபக்தி என்று ஒதுக்கிவிடல் ஆகாது. தாம் இரவல் ஆடையில் மணந்தவர்கள், ஒருத்தியாவது முழு ஆடையில் மணக்கட்டும் என்று எண்ணியிருக்கவும் கூடும்.

உடைப் பங்கீடு 1949 மார்ச் 15ஆந் திகதி முடிவுற்றது. அதற்குள் அப்பெண்கள் பலர் தாய்மாராயிருந்தனர். சொந்தமாக ஆடை பெற்றிருந்தவர்கள் அதனை வெட்டிக் குழந்தையின் ஞானஸ்நான உடையாக்கினர். எஞ்சியது உட்பாவாடையாகவும் தலையணை உறையாகவும் மாறிற்று.